பிரைட்டனா, பிளாக்பூலா, ஸ்கார்பரோவா? பிரிட்டனில் கடற்கரை ஊரைத் தேர்ந்தெடுக்க ஒரு ஒப்பீடு

பிரிட்டனில் எந்த மூலையில் நின்றாலும் கடல் ஏறத்தாழ 113 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அதனால் கடற்கரைக்குப் போவதா வேண்டாமா என்று அங்கே யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. எந்தக் கடற்கரை என்பதில்தான் வீட்டுக்கு வீடு வழக்கு. எல்லா ஊர்ப் படத்திலும் நீலக் கடலும் ஐஸ்கிரீமும் இருக்கும். அதை நம்பிப் போனவர்கள் கூழாங்கல் மேல் வெறுங்காலோடு நொண்டுவதும், கண்ணுக்கெட்டிய தூரம் சேறு மட்டும் தெரிகிற நேரத்தில் நீச்சல் உடையோடு போய் நிற்பதும் ஒவ்வொரு கோடையிலும் நடக்கிறது.

இங்கே ஐந்து ஊர்களை எடுத்துக்கொள்கிறோம்: பிரைட்டன், சவுத்எண்ட், பிளாக்பூல், ஸ்கார்பரோ, ஸ்கெக்னஸ். இவற்றை எடைபோட முதலில் கேட்க வேண்டியது, ஊர் யாருக்காகக் கட்டப்பட்டது என்பது. நோயாளிக்கா, இளவரசருக்கா, மில் தொழிலாளிக்கா? நூறு, இருநூறு ஆண்டு கழிந்த பின்னும் ஊரின் குணம் அந்த முதல் விருந்தாளியைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறது. விடுதி அறையின் அளவு, மழைக்கு ஒதுங்க இருக்கும் இடம், மாலை ஆறு மணிக்கு மேல் தெருவின் சத்தம் எல்லாம் அவரைப் பார்த்து அமைந்தவை.

மருந்தாக வந்த கடல்

கடலில் இறங்குவது இங்கிலாந்தில் வைத்தியமாகத்தான் தொடங்கியது. ஸ்கார்பரோவில் 1620களில் கடலோரப் பாறைச் சரிவின் அடியில் ஒரு கனிம நீர் ஊற்று தெரியவந்தது. அதைக் குடிக்க வந்த வசதியானவர்கள் பக்கத்துக் கடலிலும் முழுகிப் பார்த்தார்கள். 1735இல் வரைந்த அவ்வூர்ச் சித்திரம் ஒன்றிலேயே குளியல் வண்டி இருக்கிறது. அது சக்கரம் வைத்த மர அறை. உள்ளே உடை மாற்றிக்கொள்ளலாம், குதிரை அதைத் தண்ணீருக்குள் இழுத்துப்போய் விடும்.

லூயிஸ் நகர மருத்துவர் ரிச்சர்ட் ரஸ்ஸல் 1750இல் கடல்நீரின் மருத்துவப் பயன் பற்றி லத்தீனில் ஒரு நூல் எழுதினார். குளிக்க மட்டுமில்லை, குடிக்கவும் சொன்னார். அவர் நோயாளிகளை அழைத்துப்போன மீனவர் ஊர்தான் பிரைட்டன். 1783இல் வேல்ஸ் இளவரசர் ஜார்ஜ் வந்து போனதும் ஊரின் தலையெழுத்தே மாறிவிட்டது. அவருக்காக ஜான் நாஷ் 1815 முதல் மாற்றிக் கட்டிய ராயல் பெவிலியன், வெளியே இந்திய மாளிகைக் கும்பங்களும் உள்ளே சீன அலங்காரமுமாக இன்றும் நிற்கிறது. பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது அதே ஊரில் நீராவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடும் தொழிலும் நடத்திப் பெயரெடுத்தார். அந்தத் தொழிலுக்கு அன்று அங்கே வழங்கிய பெயர் ‘ஷாம்பூ’. இன்றைய தலைக்குளியல் பாட்டிலுக்கு அந்தச் சொல் வந்தது பிறகுதான்.

பிளாக்பூலின் கதை வேறு. 1846இல் ரயில் வந்தது. லங்காஷயரின் பஞ்சாலை நகரங்களில் ‘வேக்ஸ் வாரம்’ என்றொரு வழக்கம் உண்டு. ஓர் ஊரின் மில்கள் எல்லாம் ஒரே வாரத்தில் மூடிக் கொதிகலனைப் பழுதுபார்ப்பார்கள். அந்த வாரம் ஊரே ரயிலேறிவிடும். ஓல்டாம் ஒரு வாரம், பர்ன்லி இன்னொரு வாரம், பிளாக்பர்ன் வேறொரு வாரம் என்று முறை வைத்து வந்ததால் பிளாக்பூல் விடுதிகளுக்குக் கோடை முழுக்க ஓய்வில்லை. தொழிலாளி ஆண்டெல்லாம் சேமிப்புச் சங்கத்தில் சேர்த்த காசை ஒரே வாரத்தில் செலவழிக்க வந்தவர். அவருக்கு இயற்கைக் காட்சியைவிடக் கொண்டாட்டம்தான் வேண்டியிருந்தது. 1863, 1868, 1893 என்று மூன்று பியர்களும் (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் உல்லாசப் பாலங்கள்), 1894இல் 158 மீட்டர் உயரக் கோபுரமும், அதனடியில் நடன மண்டபமும் எழுந்தது அதனால்தான். அந்தக் காலத்து விடுதிகள் பலவற்றில் விருந்தாளியே இறைச்சி, காய் வாங்கிக் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரம்மா சமைத்துத் தருவார். மேசையில் வைக்கும் உப்பு, மிளகுக் குப்பிகளுக்குத் தனிக் கட்டணம் போட்ட இடங்களும் உண்டு.

1871இல் வங்கி விடுமுறைச் சட்டம் வந்தது. 1938இல் சம்பளத்தோடு விடுப்பு தரும் சட்டமும் வந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1936 ஈஸ்டரில், பில்லி பட்லின் ஸ்கெக்னஸில் தன் முதல் விடுமுறை முகாமைத் திறந்துவிட்டார். தங்குமிடம், சாப்பாடு, விளையாட்டு எல்லாம் ஒரே கட்டணத்தில். காலைச் சாப்பாடு முடிந்ததும் மழையானாலும் வெளியே போய்விட வேண்டும் என்று விரட்டும் விடுதிகளைப் பார்த்துத்தான் இந்த யோசனை அவருக்குத் தோன்றியது. பின்னால் ஸ்பெயினுக்கு மலிவு விமானங்கள் வந்து இந்த ஊர்களின் கூட்டத்தில் பெரும்பங்கை அள்ளிக்கொண்டு போயின. மிச்சம் இருப்பவை தாங்கியதற்குக் காரணம் எளிது. பாஸ்போர்ட் வேண்டாம், வானிலையைப் பார்த்து அன்று காலையே முடிவு செய்யலாம், நாயையும் பாட்டியையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

ஓதத்தைப் பார்க்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள்

ஊர்களை ஒப்பிடும்போது பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது இதைத்தான். ஓதம் என்பது கடல்மட்டம் நாள்தோறும் ஏறி இறங்குவது. சென்னைக் கடற்கரையில் அந்த வித்தியாசம் ஒரு மீட்டரை ஒட்டியது. அதனால் நமக்கு அது உறைப்பதில்லை. பிளாக்பூலில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது எட்டு மீட்டரைத் தொடும். பிரைட்டனில் ஆறு, ஸ்கார்பரோவில் ஏறத்தாழ ஐந்து. இவ்வளவு நீர் ஏறி இறங்கும்போது தட்டையான கரையில் கடல் நூற்றுக்கணக்கான மீட்டர் பின்வாங்கும், பிறகு திரும்பி வந்து கரைச் சுவரையே அடிக்கும். உச்ச ஓதத்தில் பிளாக்பூலில் மணல் என்று ஒன்றே இருக்காது.

கணக்கு இதுதான். உச்ச ஓதம் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை வரும், ஆகவே ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் பிளாக்பூலிலும் சவுத்எண்டிலும் உச்ச ஓதம் கோடை நேரப்படி பகல் 12 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் விழும். பிளாக்பூலுக்கு இது கெட்ட நாள், மதியம் குழந்தை மணல்வீடு கட்ட இடமிருக்காது. சவுத்எண்டுக்கு இதுவே நல்ல நாள், ஏனென்றால் அங்கே மற்ற நேரத்தில் தண்ணீரைத் தேடி ஒரு மைல் சேற்றில் நடக்க வேண்டும். அட்டமி, நவமியை ஒட்டிய நாட்களில் இது அப்படியே தலைகீழ். வீட்டில் தொங்கும் தமிழ் நாட்காட்டியே பாதி வேலையைச் செய்துவிடும். துல்லியமான மணியை ஊர்ப் பெயரோடு இணையத்தில் ஓத அட்டவணை தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள். அட்டவணை கிரீனிச் நேரத்தில் இருந்தால் கோடையில் ஒரு மணி கூட்ட வேண்டும். இதில் ஏமாறுகிறவர்கள் அதிகம்.

பொதுவிதி: மணல் விளையாட்டுக்கு உச்ச ஓதம் கழிந்து இரண்டு மணி நேரத்துக்குப் பின் போங்கள். சவுத்எண்டில் நீந்த உச்ச ஓதத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம். பாறை முனைகளைச் சுற்றி நடப்பதானால் ஓதம் வற்றும்போது கிளம்பி, அது திரும்புவதற்குள் வந்துவிட வேண்டும். கரையோடு நீர் ஏறி வழி அடைபடுவதால்தான் ஆண்டுதோறும் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சேற்றில் இறங்கவே கூடாத இடங்களும் உண்டு. மேற்கே பிரிஸ்டல் கால்வாயில் உள்ள வெஸ்டன் சூப்பர் மேர் அதற்குப் பேர்போனது. அங்கே ஓத வித்தியாசம் உலகிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று.

தண்ணீரின் குளிரும் கணக்கில் சேரட்டும். கடல் மெதுவாகத்தான் சூடேறும். மே மாத வெயிலில் காற்று 22 டிகிரி இருந்தாலும் நீர் 11, 12 டிகிரிதான். ஆகஸ்ட், செப்டம்பரில் தென்கரையில் 17 முதல் 19 வரை போகும், ஸ்கார்பரோ பக்கம் 13 முதல் 15தான். 15 டிகிரிக்குக் கீழான நீரில் திடீரெனக் குதித்தால் மூச்சு தன்னிச்சையாக இழுக்கும், அந்த நொடியில் தலை நீருக்குள் இருந்தால் ஆபத்து. மெல்ல இறங்குங்கள். தவறி விழுந்துவிட்டால் நீந்தப் போராடாமல் முதலில் மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்குங்கள். சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவில்தான் உயிர்காப்போர் கண்காணிப்பில் நீந்தலாம். முழுச் சிவப்பு என்றால் இறங்கவே கூடாது. கருப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடி அலைச்சறுக்குக்காரர்களுக்கு உரியது. ஆரஞ்சு நிறக் காற்றுப்பை பறந்தால் காற்றடைத்த மிதவை, டியூப் எதையும் எடுக்காதீர்கள், கரைக்காற்று அதைக் குழந்தையோடு கடலுக்குள் தள்ளிவிடும். அவசரத்துக்கு 999 அழைத்து ‘கோஸ்ட்கார்டு’ என்று கேட்க வேண்டும்.

ஒரு நாள் என்றால்: பிரைட்டன் அல்லது சவுத்எண்ட்

இரண்டுக்கும் லண்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். பிரைட்டன் நிலையத்திலிருந்து கடலுக்கு இறக்கத்தில் கால் மணி நேர நடை. திரும்பும்போது அதே வழி ஏற்றம் என்பது தள்ளுவண்டியோடு போகிறவர்களுக்கு மாலையில்தான் தெரியும். கரை முழுக்கக் கூழாங்கல், சரிவும் அதிகம். நாலு எட்டு வைத்தால் பெரியவருக்கே இடுப்புக்கு மேல் நீர் வந்துவிடும். ஐந்து வயதுக்குக் கீழான குழந்தைக்கு இது ஏற்ற இடமில்லை. போவதென்றால் ரப்பர் காலணியும் தடித்த விரிப்பும் கட்டாயம். ஆனால் மழைநாளுக்குப் பிரைட்டனை அடிக்க ஆளில்லை. பெவிலியன், 1872இல் திறந்த மீன் காட்சியகம், லேன்ஸ் சந்துக் கடைகள், 1899இன் பேலஸ் பியர் எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. 1883இல் ஓடத் தொடங்கிய வோல்க்ஸ் ரயில், இன்றும் இயங்கும் மின்சார ரயில்களில் உலகிலேயே மூத்தது. ஞாயிறு போகிறவர்கள் முதல்நாள் இரவே பாதைப் பராமரிப்பு அறிவிப்பைப் பாருங்கள். ரயிலுக்குப் பதில் பேருந்து என்றால் ஒரு மணி நேரப் பயணம் இரண்டரை ஆகிவிடும்.

சவுத்எண்ட் தேம்ஸ் ஆற்றின் முகத்துவாரம். கடல் பார்க்க அழகு என்று சொல்ல மாட்டோம். ஆனால் அதன் பியர் 2.14 கிலோமீட்டர் நீளம், உலகின் மிக நீண்ட உல்லாசப் பியர். இவ்வளவு நீளம் பெருமைக்காகக் கட்டியதில்லை. ஓதம் வற்றினால் படகு கரைக்கு வர முடியாது என்பதால் ஆழமான நீர் இருக்கும் இடம்வரை பாலத்தை இழுத்துக்கொண்டு போனார்கள். அதன்மேல் குட்டி ரயில் ஓடுகிறது. ரயிலில் போய் நடந்து திரும்புவது உத்தமம், எதிர்க்காற்றில் முழுத் தூரம் நடந்தால் குழந்தைகள் பாதியில் உட்கார்ந்துவிடும். ஃபென்சர்ச் தெரு நிலையத்திலிருந்து வரும் வண்டிகள் பார்க்கிங் ஊரில் நிற்பதால் ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்டு பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு மிகக் கையருகான கடல் இதுதான். சிறு பிள்ளைகளோடு ஒரு நாள் என்றால் எங்கள் ஓட்டு சவுத்எண்டுக்கு. நண்பர்களோடு என்றால் யோசிக்காமல் பிரைட்டன்.

மூன்று, நான்கு நாள் என்றால்

லண்டனிலிருந்து பிளாக்பூலுக்கும் ஸ்கார்பரோவுக்கும் ஏறத்தாழ மூன்று மணி நேரம். முன்னதற்குப் பெரும்பாலும் பிரெஸ்டனிலும் பின்னதற்கு யார்க்கிலும் வண்டி மாற வேண்டும். முன்பதிவு மலிவுச் சீட்டுகள் வழக்கமாகப் பன்னிரண்டு வாரத்துக்கு முன் வெளியாகும். குழந்தைகளோடு போகிறவர்கள் குடும்ப ரயில்கார்டு வாங்கினால் பெரியவர் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கும் குழந்தைக் கட்டணத்தில் 60 சதவீதமும் குறையும். இந்தத் தூரத்துக்கு ஒரே பயணத்தில் கார்டின் விலை பெரும்பாலும் திரும்பிவிடும்.

பிளாக்பூல் ஊர் மட்டமானது. டிராம் தெற்கே ஸ்டார் கேட்டிலிருந்து வடக்கே ஃப்ளீட்வுட் வரை 18 கிலோமீட்டர் கடலோரமாகவே ஓடுகிறது. முட்டிவலி உள்ளவர்களுக்கு இது பெரிய வரம். அறை எங்கே எடுப்பது என்பதில்தான் தவறு நடக்கும். கோபுரத்தை ஒட்டி எடுத்தால் எல்லாம் பக்கம், ஆனால் வெள்ளி, சனி இரவுகளில் கல்யாணத்துக்கு முந்தைய குடிவிருந்துக் கூட்டம் விடிய விடியக் கத்தும். சவாரி விளையாட்டுகள் உள்ள பிளஷர் பீச் தெற்கே தனியாக இருக்கிறது. குடும்பமாகப் போனால் வடக்குக் கரையில் எடுத்து டிராமில் வந்துபோவது நல்லது. மில் தொழிலாளிக்குக் கட்டிய வீடுகள்தான் இன்றைய சிறு விடுதிகள். அறையின் மூலையை வெட்டி உள்ளே குளியல் பெட்டி வைத்திருப்பார்கள். உங்கள் பயணப் பெட்டியைத் திறந்து வைக்கத் தரையில் இடம் இருக்குமா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ‘பக்கவாட்டுக் கடல் காட்சி’ என்றால் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினால் தெரியும் என்று பொருள். மின்விளக்கு விழாவுக்காகப் போவதென்றால் செப்டம்பர் வாரநாள் சிறந்தது. கோடை முடிந்தும் கூட்டத்தை நிறுத்திவைக்க ஊர் கண்ட தந்திரம் அது. இப்போது ஆகஸ்ட் இறுதியில் தொடங்கிப் புத்தாண்டு வரை நீள்கிறது. அக்டோபர் பள்ளி விடுமுறை வாரத்தில் காரில் போனால் விளக்கைவிட முன்வண்டியின் பின்விளக்கைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

ஸ்கார்பரோ நோயாளிக்கும் கனவான்களுக்கும் கட்டிய ஊர் என்பது நடந்தாலே தெரியும். சரிவுத் தோட்டங்கள், வளைந்த நடைபாதைகள், உயரத்தில் 1867இன் கிராண்ட் ஹோட்டல். அந்த ஹோட்டலை நாட்காட்டி போலவே கட்டினார்கள்: நான்கு கோபுரம், பன்னிரண்டு தளம், 52 புகைபோக்கி, 365 அறை. ஊரே செங்குத்து என்பதால் பிரிட்டனின் முதல் சரிவு ரயில் 1875இல் இங்கேதான் வந்தது. இன்று நகர மையத்திலிருந்து இறங்க 1881இன் சென்ட்ரல் டிராம்வே இருக்கிறது. குன்றுக்கோட்டை ஊரை இரண்டு விரிகுடாவாகப் பிரிக்கிறது. தென்விரிகுடாவில் துறைமுகம், விளையாட்டுக் கூடங்கள், நல்ல மணல் எல்லாம் உண்டு, ஆனால் 2023, 2024இல் அதன் நீர்த் தரம் ‘மோசம்’ என்று அறிவிக்கப்பட்டது. நீந்த வடவிரிகுடாவுக்குப் போங்கள், பாறைக் குட்டைகளில் நண்டு தேடவும் அதுவே இடம். எந்த ஊரானாலும் கரையில் நீர்த் தரப் பலகை இருக்கும். கனமழை பெய்து இரண்டு நாளாவது கடலில் முழுகாதீர்கள், சாக்கடை மிகைநீரைக் கடலில் திறந்துவிடுவார்கள். இது கிழக்குக் கரை, மழை மேற்கைவிடக் குறைவு. அதற்கு ஈடாக வசந்தத்திலும் முன்கோடையிலும் கிழக்குக்காற்று வீசினால் ‘ஃப்ரெட்’ என்னும் குளிர்ந்த கடல்மூடுபனி திடீரென ஏறி, ஐந்து மைல் உள்ளே வெயில் காயும்போது கரையை மட்டும் போர்த்திவிடும். சூரியன் நிலப்பக்கம் சாய்வதால் குன்றடி மணல் மாலையில் சீக்கிரமே நிழலாகும். சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்க வேண்டுமென்றால் பிளாக்பூல்தான்.

பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட கூட்டுக் குடும்பத்துக்கு ஸ்கெக்னஸ். கேரவன் பூங்காக்கள் வரிசையாக உள்ளன, சமையலறையும் உண்டு. ‘எட்டுப் பேர்’ என்று போட்டிருந்தால் அதில் இரண்டு பேர் சோபாவை விரித்துப் படுப்பவர்கள் என்று கொள்ளுங்கள். படுக்கை விரிப்பு வாடகையில் சேர்த்தியா என்று கேளுங்கள். தாளிக்கும்போது புகை எச்சரிக்கை மணி நிச்சயம் அலறும். ஜன்னலைத் திறந்துவைத்து, காய்ந்த மிளகாயைக் கடைசியில் போடுங்கள். கரை மிகத் தட்டை, காற்று ஓயாது. 1908இல் இந்த ஊருக்கு ரயில் நிறுவனம் போட்ட சுவரொட்டியே அதன் சில்லென்ற காற்றைத்தான் பெருமையாகச் சொன்னது. காற்றுத்தடுப்புத் துணியின் கழிகளை மரச்சுத்தியால் ஒரு அடி ஆழம் இறக்கி, காற்று வரும் திசைக்குப் பிறைவடிவில் நடுங்கள். நேர்கோட்டில் நட்டால் முதல் பலத்த வீச்சிலேயே சாயும்.

வயதான பெற்றோர் ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள், கூச்சல் வேண்டாம், கடலோரம் சமதளமாக நடக்க வேண்டும் என்றால் இந்த ஐந்தையும் விட்டுவிட்டு வேல்ஸில் லாண்டிட்னோவைப் பாருங்கள். நிலவுடைமையாளர்களான மோஸ்டின் குடும்பம் திட்டம் போட்டு எழுப்பிய விக்டோரியா காலத்து ஊர், விடுதி முகப்புகள் இன்னும் ஒரே வரிசை. கிரேட் ஓர்ம் குன்றின் மேல் 1902 முதல் கம்பிவடத்தில் இழுக்கும் டிராம் ஏற்றிவிடும்.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை

மீனும் சிப்ஸும் எல்லா ஊரிலும் கிடைக்கும். ஆனால் யார்க்ஷயரிலும் வடக்கிலும் பல கடைகள் மாட்டுக்கொழுப்பில்தான் பொரிக்கின்றன. ஸ்கார்பரோவில் இது சகஜம். மீன் மட்டுமில்லை, உருளைக்கிழங்கு சிப்ஸும் அதே எண்ணெய்ச் சட்டியில்தான். சைவர்களும் மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களும் ‘வெஜிடபிள் ஆயிலா?’ என்று கேட்டுவிட்டு வரிசையில் நிற்க வேண்டும். யார்க்ஷயரில் ஹாடக் மீன்தான் வழக்கம், தெற்கே காட் மீன். பொட்டலத்தைச் சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பிரியுங்கள். கடற்காகம் பின்னாலிருந்துதான் வரும், காக்கைக்கு வைப்பதுபோல் ஒரு துண்டு வீசினீர்களோ, கூட்டமே இறங்கிவிடும்.

எல்லாம் பார்த்துப் பிளாக்பூல் என்று முடிவானால், கடைசியாக ஒன்று. கடற்கரைக் கழுதைகளுக்கு அங்கே வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை, ஓய்வு உண்டு. குழந்தைக்குக் கழுதைச் சவாரி வாக்குக் கொடுத்திருந்தால் வியாழனே போய்ச் சேர்ந்துவிடுங்கள்.